நாரையை எடுத்துவிட்டுத் தொட்டிலை வைத்தேன்

புனலூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது, இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டும் சடங்குக்கு நான் கையால் செய்து கொண்டுபோன வாழ்த்து அட்டை, அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு பொழுதுகூட நிற்கவில்லை. வந்தவர்கள் கொடுத்த மற்ற அட்டைகளெல்லாம் அலமாரிமேல் வரிசையாக இருந்தன. என்னுடையது மட்டும் காணவில்லை. துபாயில் வேலை பார்க்கும் சித்தி மகன் வாங்கிவந்து கொடுத்த, காகிதத்தை உருவங்களாக வெட்டும் இயந்திரத்தில் இரண்டு இரவுகள் உட்கார்ந்து செய்த அட்டை அது. வெளிர்நீலக் காகிதத்தில் மேகம், அதன்மேல் அலகில் துணிமூட்டையைக் கவ்விப் பறக்கும் நாரை, மூட்டைக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் குழந்தை என்று ஒவ்வோர் உருவமும் பிசிறின்றி வந்திருந்தது. விசேஷம் முடிந்து பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அக்காவின் மாமியார் என்னைத் தனியே அழைத்து, "அட்டை நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா பறவை பிள்ளையைத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கே, அதான் உள்ள எடுத்து வச்சுட்டேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காதே" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் செங்கோட்டையிலும் சரி, மலைக்கு அந்தப்புறம் கேரளத்துப் புனலூரிலும் சரி, பச்சைப்பிள்ளையின் துணியைப் பொழுது சாய்ந்தபின் வெளியே காயவிடமாட்டார்கள். பறவையின் நிழல் பட்டால் பட்சி தோஷம் என்பார்கள். அந்த நம்பிக்கை சரியா என்பது வேறு விஷயம். பிள்ளை பெற்ற வீட்டில் பறவையைக் கண்டால் அஞ்சுகிறார்கள் என்பதை அறிந்தே வளர்ந்த நான், பிள்ளையைக் கவ்விச்செல்லும் பறவையை வாழ்த்து என்று நினைத்து அந்த வீட்டுக்கே எடுத்துப்போயிருக்கிறேன். ஐரோப்பாவின் சில நாடுகளில் செங்கால் நாரை வீட்டுக்கூரையில் வந்து கூடு கட்டும். அது குழந்தையைக் கொண்டுவந்து தருவதாக அங்கே கதை சொல்வார்கள். அந்த ஊர்க்காரருக்கு அது மங்கலம். இயந்திரத்தில் வைத்து உருவங்களை வெட்டும் வெட்டச்சுகள் அங்கிருந்து வருவதால் அவற்றில் நாரையும், தள்ளுவண்டியும், ரப்பர் வாத்தும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் உறங்கும் சேலைத் தொட்டிலோ, மருந்து புகட்டும் பாலாடையோ, நடைவண்டியோ, கையில் கட்டும் வசம்பு வளையலோ அவற்றில் இல்லை. அன்று இரவு ரயிலில் திரும்பும்போதே, அடுத்த அட்டையில் இவற்றை எப்படிக் கொண்டுவருவது என்று எண்ணத் தொடங்கிவிட்டேன்.

இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்காக, வெட்டு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது சிசிக்ஸ் நிறுவனத்தின் பிக் ஷாட் என்ற, கையால் சுழற்றும் இயந்திரம். சப்பாத்தி மாவை உருளைகளுக்கிடையே விட்டுத் தேய்ப்பதுபோல, குறிப்பிட்ட இடைவெளியில் நிற்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள் நுழைகின்றன. அந்தத் தட்டுகளுக்கு இடையில் காகிதமும், கூர்விளிம்பு காகிதத்தைப் பார்க்கும்படி வைத்த மெல்லிய உலோக அச்சும் இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் உருளையின் அழுத்தத்தில் விளிம்பு காகிதத்தை அறுத்துவிடும். தட்டுகளில் பழைய வெட்டுத் தழும்புகள் ஆழமாகிப் போனால் ஓரிடத்தில் மட்டும் வெட்டு விழாமல் நிற்கும்; அப்போது ஒரு தாளைக் கூடுதலாக வைத்தால் அழுத்தம் சரியாகிவிடும். நுணுக்கமான உருவம் அச்சுக்குள்ளேயே சிக்கிக்கொண்டால், அடுத்த முறை இடையில் ஒரு பட்டர் பேப்பரை வைத்துச் சுற்றுங்கள். ஊசியால் குத்தி எடுக்க வேண்டியதில்லை.

இயந்திரம் இவ்வளவுதான். காகிதம்தான் கடினம், அதிலும் எங்கள் ஊரில். ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சுகம், காகிதத்துக்கு அல்ல. காகிதத்தின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரத்தை உறிஞ்சும்போது ஒவ்வொரு நாரும் நீளவாட்டில் மிகக் கொஞ்சமாகவும் குறுக்குவாட்டில் கூடுதலாகவும் பருக்கிறது. அதனால்தான் தாள் ஒரு பக்கமாகச் சுருள்கிறது. நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று அறிய, தாளின் ஓரத்தில் சிறு துண்டைக் கிழித்து ஒரு பக்கத்தை நனைத்துப் பாருங்கள். குழல்போல அது சுருளும்போது, அந்தக் குழல் நீண்டுகிடக்கும் திசையே நாரின் திசை. அட்டையின் மடிப்பு அந்தத் திசையிலேயே அமைய வேண்டும். குறுக்கே மடித்தால் மடிப்பின் மேற்புறம் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். சாரல் நாளில் அட்டை நிற்காமல் வாய் பிளந்துகொள்ளும். மடிக்கும் முன், மை தீர்ந்துபோன பந்துமுனைப் பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒரு கோடு அழுத்தி இழுத்துக்கொள்வது என் வழக்கம்.

அடித்தாளுக்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) அட்டையும், வெட்டும் உருவங்களுக்கு 120 முதல் 200 வரையுள்ள தாள்களும் போதும். வெண்பசையைத் தாராளமாகத் தடவினால் அதிலுள்ள நீரே தாளை நெளித்துவிடும் என்பதால், பழைய சீட்டு ஒன்றின் ஓரத்தால் மெல்லிய படலமாக இழுத்துவிட்டு, ஒட்டியதும் கனத்த புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைக்கிறேன். வெட்டிய உருவங்களைச் சாரல் காலத்தில் மூடி இறுகிய தகர டப்பாவில், மருந்துப் புட்டிகளோடு வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைப் போட்டு வைப்பேன்.

இனி தொட்டிலுக்கு வருகிறேன். உத்திரத்திலிருந்து தொங்கும் பழைய நூல்சேலை, பிள்ளையின் கனத்தில் அடியில் பருத்து மேலே குவிந்து, ஒரு துளி நீரைப்போல இருக்கும். நடுவில் சேலையை விரித்துப் பிடிக்கும் தொட்டில்கம்பு. வரைவதற்கு இதைவிட எளிய உருவம் இல்லை. இதற்கு அச்சு செய்துதர ஆள் வேண்டும் என்று தேடியபோது, எங்கள் ரயில்பாதையிலேயே விடை இருந்தது. செங்கோட்டையிலிருந்து ஒரு பக்கம் தென்காசி, சங்கரன்கோவில், இராஜபாளையம் வழியாகச் சிவகாசி; மறுபக்கம், 1904-இல் மலையைக் குடைந்து போட்டு 2018-இல் அகலப்பாதையாக மாறிய தடத்தில் புனலூர். அந்தப் புனலூரிலும் 1888-இல் தொடங்கிய காகித ஆலை உண்டு. காகிதம் செய்த ஊருக்கும் காகிதத்தில் அச்சிடும் ஊருக்கும் நடுவில் இருந்துகொண்டு, வெட்டச்சுக்கு வெளிநாட்டை எதிர்பார்த்திருந்தேன். சிவகாசியில் 1920-களில் தீப்பெட்டித் தொழில் வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத்தொழில் பெருகியது. அட்டைப்பெட்டியும் காலண்டரும் வந்தபின் அவற்றை வெட்டவும் மடிப்புக்கோடு போடவும் டை எனப்படும் வெட்டச்சைச் செய்யும் பட்டறைகள் வந்தன.

பட்டறையில் டை செய்வதை அருகிலிருந்து பார்த்தேன். 18 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட் பலகையில் உருவத்தின் கோட்டை மெல்லிய பிளவாக அறுக்கிறார்கள். 23.8 மில்லிமீட்டர் உயரமும் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த கனமும் உள்ள எஃகுப் பிளேடை அந்தக் கோட்டுக்கேற்ப வளைத்துப் பிளவுக்குள் தட்டி இறக்குகிறார்கள். பிளேடின் இருபுறமும் ரப்பர் துண்டுகளை ஒட்டுகிறார்கள். வெட்டியபின் தாளை வெளியே தள்ளுவது அந்த ரப்பர்தான். நான் முதலில் வரைந்து கொண்டுபோனதில் சேலையின் முந்தானைக் குஞ்சங்கள்வரை இருந்தன. பட்டறைக்காரத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இவ்வளவு சின்ன வளைவுக்குப் பிளேடு வராது, உடைஞ்சிரும். குஞ்சத்தைக் கத்தரியில வெட்டிக்கோங்க, டைக்கு வெளிக்கோடு மட்டும் குடுங்க" என்றார். அவர் சொன்னபடி வரைந்ததுதான் இன்றும் என்னிடம் உள்ள தொட்டில். குஞ்சமில்லாத அந்த உருவமே பார்வைக்குத் தெளிவாக இருக்கிறது. பிளேடில் இரண்டு இடங்களில் மயிரிழை இடைவெளி விடச் சொல்லவும் அவரே கற்றுக்கொடுத்தார். நிக் என்கிறார்கள், அந்த இடத்தில் மட்டும் வெட்டு விழாமல், உருவங்கள் சிதறாமல் தாளோடு நிற்கும், பிறகு விரலால் தட்டி உதிர்த்துக்கொள்ளலாம்.

இந்த உயரமான டை என் வீட்டு இயந்திரத்துக்குள் நுழையாது. அதனால் டிரெடில் என்ற பழைய அச்சு இயந்திரத்தை வெட்டுவேலைக்கென வைத்திருக்கும் ஓர் அச்சகத்தில் கொடுத்து, அவர்களிடம் மிஞ்சிய வண்ணத்தாள்களிலேயே தொட்டில்களை வெட்டி வாங்கிவந்தேன். சிவகாசிக்குச் செல்வதானால் ஆடிப்பெருக்குக்கு முன்னரோ நன்கு கழிந்தோ செல்லுங்கள். அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பங்கள் அந்நாளில் வெளியாவதால், அதையொட்டிய நாட்களில் சிறுவேலையை யாரும் கையில் வாங்கமாட்டார்கள்.

பெயர் எழுத்துகள்தான் இன்னும் என் கையில் சவாலாக இருக்கின்றன. கடையில் கிடைக்கும் எழுத்தச்சுகள் ஆங்கிலத்துக்கானவை. தமிழில் பெயரை வெட்டும்போது மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது; வெட்டியவுடன் காற்றில் போய்விடுகிறது. ஆதிரா என்ற பெயருக்குப் புள்ளியே தேவையில்லை. கார்த்திக் என்றால் மூன்று வேண்டும். ஒரு புள்ளி விழுந்துபோனாலும் பெயர் கெட்டுவிடும். அலுவலகத்தில் கோப்புத் துளையிடும் பஞ்சிங் இயந்திரத்திலிருந்து விழும் 6 மில்லிமீட்டர் வட்டமே இதற்குச் சரியான அளவு என்று கண்டுகொண்டபின் அந்தக் கவலை தீர்ந்தது. எழுத்தின் உயரம் 25 மில்லிமீட்டர் என்றால் அந்தப் புள்ளி பொருந்தி உட்காருகிறது. இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியே நிற்கும் கோ, போ போன்ற எழுத்துகளுக்கு, பெயரின் அடியில் ஒரு மெல்லிய பட்டையைச் சேர்த்து வரைந்து, முழுப் பெயரையும் ஒரே துண்டாகக் கத்தியால் வெட்டுகிறேன். புனலூர் உறவினர்கள் சிலர் மலையாளத்திலும் பெயர் கேட்பார்கள்; அதில் புள்ளிக்குப் பதிலாகச் சந்திரக்கலை என்ற பிறைக்கீற்று வரும். பஞ்சிங் இயந்திரத்தில் ஒரு துளையிட்டுவிட்டு, தாளைச் சற்றே நகர்த்தி அதே துளைமேல் மறுபடி அழுத்தினால், இரண்டாவதாக விழுவது பிறை.

பெயரை முன்கூட்டி வெட்டிவைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளை பிறக்கும் முன் எதையும் வாங்கிச் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் ஆச்சியின் கண்டிப்பு. பெயரோ, ஒரு காதை வெற்றிலையால் மூடி மறுகாதில் மூன்று முறை ஓதும்வரை வெளியே வராது. ஆகவே தொட்டிலும் அடித்தாளும் தயாராக இருக்கும். நடுவில் பெயருக்கென ஒரு பட்டை வெறுமையாக இருக்கும். பெயர் தெரிந்த அன்றே எழுத்து வெட்டி ஒட்டுவேன். பெயரை ஒட்டி முடித்ததும் அதே பஞ்சிங் இயந்திரத்தில் கறுப்புத் தாளிலிருந்து ஒரு வட்டம் எடுத்து, தொட்டிலின் ஓரத்தில் திருஷ்டிப் பொட்டாக வைக்கிறேன். மினுமினுப்புத் தூளும் மணிகளும் என் அட்டைகளில் இருக்காது. உதிர்ந்தால் பிள்ளையின் வாய்க்குத்தான் போகும்.

தபாலில் அனுப்புவதானால் எடையைப் பாருங்கள். ஏ4 தாளில் பாதியை மடித்த அட்டை 300 ஜிஎஸ்எம்மில் 9 கிராமுக்குச் சற்றே மேல். உருவங்களும் உறையும் சேர்ந்தாலும் 20 கிராமுக்குள் அடக்கிவிடலாம், 5 ரூபாய்த் தலையில் போய்ச்சேரும். தெருமுனை நகைக்கடைத் தராசில்தான் நான் நிறுத்துப் பார்க்கிறேன். உருவங்களை உயர்த்திக்காட்டும் பஞ்சு நாடாவை ஓர் அடுக்குக்கு மேல் வைக்காதீர்கள். முத்திரை குத்தும்போது நசுங்கிவிடும்.

அக்காவின் இரண்டாவது பிள்ளைக்குத் தொட்டில் அட்டை கொண்டுபோனேன். மாமியார் அதைக் கையில் வாங்கி, தொட்டிலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது எந்தச் சேலை?" என்று கேட்டார். வெறும் வண்ணத்தாள்தான் அத்தை என்றேன். அவர் உள்ளே போய், மூத்தவனுக்குத் தொட்டில் கட்டிய சேலையின் கிழிந்த ஓரத்தை எடுத்துவந்து தந்தார். அதை 120 ஜிஎஸ்எம் தாளில் மைதாப் பசையால் ஒட்டி, பாரம் ஏற்றிக் காயவைத்து, தாளோடு சேர்த்து வெட்டிப் பார்த்தேன்; ஓரம் பிசிறாமல் வந்தது. பைண்டிங்காரர்கள் பூச்சி அரிக்காதிருக்க அந்தப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு என்பதால் பிள்ளை அட்டைக்கு நான் சேர்ப்பதில்லை. அவ்வப்போது காய்ச்சுகிறேன்.

அதுமுதல் அட்டை கேட்பவர்கள் சேலைத்துண்டையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். சென்ற வாரம் தென்மலையிலிருந்து வந்த உறையில், நான்கு பிள்ளைகளைத் தாலாட்டி வெளுத்துப்போன நீலச் சேலையில் ஒரு சாண் இருந்தது. தாளில் ஒட்டி வைத்திருக்கிறேன்; சாரல் விடாததால் இன்னும் காயவில்லை.