பிஓபியும் டஸ்டும்

ஏப்ரல் 22, செவ்வாய்

மூன்று மணிக்குக் கறுத்து, நாலு மின்னல் வெட்டி, அரை மணியில் வெளுத்துவிட்டது. ஹட்டன் பக்கம் சித்திரையில் இது வழக்கம்தான். ஆனால் தொழிற்சாலைக் கந்தோரில் சின்ன நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று கருகிவிட்டது. சொற்ப விலைச் சாமான். அதன் வழியாகத்தான் பிஓபியும் டஸ்டும் ஒன்றையொன்று ‘இருக்கிறாயா?’ என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

தேயிலை ரகப் பெயர் வைத்தது நான்தான். கொழுந்து நிறுவையும் சம்பளக் கணக்கும் பதிய இரண்டு சேர்வர், நடுவில் ஒரே டிஸ்க் பெட்டி, அதிலிருந்து இரண்டுக்கும் தனித்தனிக் கேபிள். வேலை செய்வது பிஓபி. அது விழுந்தால் டஸ்ட் டிஸ்கை மவுண்ட் செய்து, அதாவது தன்னோடு இணைத்து, அதே ஐபி முகவரியையும் மாட்டிக்கொண்டு தொடர வேண்டும். இன்று பிஓபி விழவே இல்லை. பதில் வராததால் செத்துவிட்டதென்று டஸ்ட் முடிவுகட்டிவிட்டது. ஆறு மணிக்கு நான் பார்த்தபோது இரண்டும் ஒரே டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்தன.

ஏப்ரல் 23, புதன்

இரவு முழுக்க எஃப்எஸ்சிகே, டிஸ்கில் உள்ள பிழைகளைத் தேடித் திருத்தும் கருவி. பிரயோசனமில்லை.

கீழ்ப்பிரிவில் கொழுந்து நிறுக்கும் மடுவம் பிஓபியிடம் பேசியிருக்கிறது, மேற்பிரிவு டஸ்டிடம். டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4 என்ற முறை, ஒரே மெஷின்தான் தன்னைத் தொடும் என்று நம்பி எழுதப்பட்டது. டிஸ்கில் எந்த இடம் காலி என்ற கணக்கை ஒவ்வொரு மெஷினும் தன் மெமரியில் வைத்திருக்கும். ஒன்று நிரப்பிய இடத்தை மற்றது காலி என்றே நினைத்து மேலே எழுதும். ஒரு ஃபைலைத் திறந்தேன். மேற்பிரிவு நிறுவைக்கு நடுவில், பாதி வரியில், கீழ்ப்பிரிவின் சம்பளக் கணக்கு ஓடுகிறது.

பெக்கப்பிலிருந்து மீட்டோம். நேற்றைய நாள் மட்டும் போயிற்று. கணக்கப்பிள்ளை ஐயா, ஆட்களின் வேலையைப் பதியும் செக்ரோல் கொப்பியோடு வந்தார். “தம்பி, மெஷின் மறந்தா உங்களை யாரும் கேக்க மாட்டாங்க. அரைப்பேர் விழுந்தா லயத்துல என்னைத்தான் கேப்பாங்க.” அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம்தான். அவர் வாசிக்க நான் அடித்தேன். மழை பட்ட ஒரு பக்கத்தில் பென்சில் எழுத்து 17ஆ 11ஆ என்று தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 17 போட்டோம்.

ஏப்ரல் 25, வெள்ளி

சுவிட்சைத் திட்டி என்ன பயன். செட்டிங்கில் ஸ்டோனித் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அணைத்தது நானே, இன்ஸ்டால் செய்த அன்று. அது இல்லாமல் எதையும் தொடங்கமாட்டேன் என்று, இரண்டு சேர்வரையும் மேய்க்கும் பேஸ்மேக்கர் மென்பொருள் அடம்பிடித்ததால்.

‘அடுத்த மெஷினின் தலையில் சுடு’ என்பதுதான் அந்தப் பெயரின் விரிவு. அப்போது முரட்டுத்தனமாகத் தெரிந்தது. பதில் இல்லை என்றால் ஆள் இல்லை என்று ஆகாது, வழி அறுந்திருக்கலாம். டிஸ்கில் கை வைக்கும் முன் அடுத்ததன் கரண்டை நிறுத்தி, நின்றுவிட்டது என்ற உறுதியையும் வாங்க வேண்டும். மூன்று மெஷின் இருந்தால் வாக்கெடுப்பு நடத்தலாம். இரண்டில் பெரும்பான்மை ஏது?

ஏப்ரல் 27, ஞாயிறு

மாமா வீட்டுக்குப் போக கொட்டகலை ஸ்டேஷனில் நின்றேன். ஒற்றைத் தண்டவாளம். டிரைவர் வளையத்தில் கட்டிய டேப்லட்டை, அந்தப் பாதையில் போக அனுமதியான உலோக வட்டை, கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் ஒரு டேப்லட் வெளியே இருந்தால், எந்தப் பக்கப் பெட்டியிலிருந்தும் இன்னொன்று வராது.

டிஸ்க் பெட்டியிலும் இப்படி ஒன்று உண்டு, ஸ்கஸி ரிசர்வேஷன். ஒவ்வொரு மெஷினும் தன் சாவியைப் பதிந்திருக்கும். சாவி இல்லாததை எழுத விடாமல் பெட்டியே தடுத்துவிடும். ரயிலில் நடக்காத ஒன்று இதில் நடக்கும்: ஒரு மெஷின் மற்றதன் சாவியை நீக்கிவிடலாம். நீக்கப்பட்டது உயிரோடுதான் இருக்கும், எழுத மட்டும் முடியாது.

ஏப்ரல் 30, புதன்

இரண்டுக்கும் நடுவே சுவிட்ச் இல்லாமல் நேராக ஒரு கேபிள், அதோடு பழைய வழியும். ஸ்டோனித் ஐபிஎம்ஐ மூலம், அதாவது சேர்வரைத் தூரத்திலிருந்தே அணைக்க உதவும் கார்டு மூலம். முதல் சோதனையில் இரண்டு வழியையும் பிடுங்கினேன். ஒன்றையொன்று ஒரே நேரத்தில் சுட்டு இரண்டும் அணைந்தன! பிஓபியைச் சுடும் கட்டளைக்கு மட்டும் 10 விநாடி தாமதம் வைத்தேன். இப்போது பிஓபி முந்திக்கொள்கிறது.

அப்புறம் பிஓபியின் கரண்ட் வயரையே பிடுங்கினேன். ஐபிஎம்ஐ கார்டும் அதே வயரில்தான் உயிர் வாழ்கிறது. டஸ்ட் ‘அணை’ என்கிறது, பதில் சொல்ல ஆளில்லை. திரும்பத் திரும்பக் கேட்டபடி டிஸ்கைத் தொடாமல் நின்றது. எரிச்சலாக இருந்தாலும் அது செய்ததுதான் சரி. இரண்டாம் படியாகச் சாவி நீக்குவதைச் சேர்த்தேன். திரும்பவும் வயரைப் பிடுங்க, ஐபிஎம்ஐ தோற்றது, சாவி போனது, டிஸ்க் மவுண்ட் ஆனது, அரைகுறையாய் நின்ற எழுத்துகளை ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பிலிருந்து சரிசெய்து டேட்டாபேஸ் எழுந்தது. 48 விநாடி.

மே 2, வெள்ளி

மறுபடி இடி. பிஓபியின் யுபிஎஸ் போய்விட்டது. நான் மடுவத்தில் இருந்தேன். தராசின் திரை கொஞ்ச நேரம் உறைந்து நின்று, பிறகு ஓடியது.

“இப்ப எது எழுதுது தம்பி?”

“டஸ்ட், ஐயா.”

“பிஓபி திரும்பி வந்தா?”

“முதல்ல கேட்டுட்டுத்தான் எழுதும்.”

தலையாட்டிவிட்டுப் பென்சிலை நாக்கில் தொட்டுக் கொப்பியில் அடுத்த பேரை எழுதினார். ஹட்டன் டவுனில் அந்தக் கொப்பிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை வாங்க வேண்டும்.