சீனாவுக்காகக் கனடாவில் பிறந்த பிரென்

பிரென் என்ற பிரிட்டிஷ் இலகு இயந்திரத் துப்பாக்கி என்றதும் நம் கண்முன் வருவது மேலே செருகப்பட்ட அந்த வளைந்த மேகசின்தான், அதாவது தோட்டாக்கள் அடங்கிய பெட்டிதான். செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரத்து இசட்பி 26 துப்பாக்கி, விளிம்பற்ற 7.92 மி.மீ. மௌசர் தோட்டாவுக்காக உருவானது. அதைத் தழுவிப் பிரெனை உருவாக்கிய ஆங்கிலேயர், அடியில் விளிம்பு துருத்திய, நுனி நோக்கிச் சற்றே ஒடுங்கிய தங்கள் .303 தோட்டாவையே விடாமல் வைத்துக்கொண்டதால் மேகசின் வளைய வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது சீனத் தேசியவாதத் தலைவர் சியாங் கை ஷேக்கின் படையிடம் இசட்பி 26 ஏற்கெனவே பெருமளவில் இருந்தது. அந்தப் படையின் தோட்டாவும் 7.92தான். ஆகவே, டொரொண்டோவின் ஜான் இங்லிஸ் நிறுவனம் சீனாவுக்கென்று தயாரித்த பிரென்கள் அதே அளவில், நேரான மேகசினோடு வெளிவந்தன. செக் மூலத்திலிருந்து விலகிச் சென்ற வடிவம், ஒரு சுற்றுச் சுற்றி மூலத் தோட்டாவிடமே திரும்பியது என்பதுதான் என்னை இதில் மிகவும் ஈர்க்கிறது.

தைவானுக்குப் பின்வாங்கிய பிறகு, அமெரிக்க உதவியை நம்பியிருந்த அதே படைக்காக அமெரிக்கத் தோட்டாவான .30-06 அளவிலும் பிரென் செய்யப்பட்டது. பிரிட்டனோ 7.62 நேட்டோ தோட்டாவை ஏற்றபின் தன் பழைய பிரென்களை எல்4 என்ற பெயரில் மாற்றியமைத்தது. நேட்டோ தோட்டாவும் விளிம்பற்றதே என்பதால், அந்த மாற்றத்துக்குக் கனடாவின் 7.92 பிரென் பாகங்கள் கைகொடுத்தன. அந்த எல்4 வகை 1991 வளைகுடாப் போர் வரை பிரிட்டிஷ் படையில் பயன்பட்டது.