மாடிக் கம்ப்யூட்டரைக் கீழே காணோம்

மார்ச் 2, ஞாயிறு

மாடிக் கம்ப்யூட்டரில் இருக்கும் பத்திர ஸ்கேன் எல்லாம் மாமாவுக்கு வேண்டுமாம். வில்லங்கம் போட்டதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார். தினமும் பென்டிரைவோடு படி ஏறி இறங்க என்னால் ஆகாது. ஃபோல்டரை ஷேர் செய்துவிட்டுக் கீழே போய் அவருடைய லேப்டாப்பில் 'நெட்வொர்க்'கைத் திறந்தேன். அந்த லேப்டாப்பின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மாடியில் இருப்பது வரவே இல்லை.

"நெட்தான் நல்லா வருதேம்மா, அப்புறம் என்ன?" என்கிறார். கேட்பது நியாயம்தான். ஆனால் இன்டர்நெட் வருவதற்கும் வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைப் பார்ப்பதற்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு.

மார்ச் 3, திங்கள்

தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். "எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணுங்க, உடனே வந்துடும்" என்றார். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் பழைய முறை அது. மாட்டேன். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற கெட்ட புரோகிராம் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவினால் எஸ்எம்பி 1-இன் சர்வர் பகுதி (ஃபைலைக் கொடுக்கும் பக்கம்) கூடவே வருவதில்லை. வீட்டுப் பத்திரங்களை வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் போய் அதைத் திறந்துவிடுவதா?

இப்போது அந்தப் பட்டியலை நிரப்புவது வேறு ஏற்பாடு. விண்டோஸில் பின்னணியில் ஓடும் சர்வீசஸில் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்று ஒன்று இருக்கும். "நான் இங்கே இருக்கிறேன்" என்று சுற்றிலும் அறிவிப்பது அதன் வேலை. அது நின்றுபோனால் கம்ப்யூட்டர் நன்றாக இருந்தும் பட்டியலில் பெயர் வராது. இரண்டிலும் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாமாவின் லேப்டாப்பில் வைஃபை 'பப்ளிக்' (மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டிய பொது இடம்) என்று கிடந்தது. 'பிரைவேட்' ஆக்கி, நெட்வொர்க் டிஸ்கவரியையும் ஃபைல் ஷேரிங்கையும் ஆன் செய்தேன். பட்டியல் அப்படியே இருக்கிறது.

மார்ச் 5, புதன்

பட்டியலை விட்டுவிட்டு நெட்வொர்க்கில் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருக்கும் எண் முகவரியை நேராக அடித்துப் பார்த்தேன். முதலிலேயே செய்ய வேண்டியது இதுதான் என்பேன். பட்டியலில் தெரியாதது ஒரு கோளாறு, போய்ச் சேரவே முடியாதது இன்னொரு கோளாறு. 'இருக்கிறாயா?' என்று கேட்டுப் பார்க்கும் பிங் கட்டளையை மட்டும் நம்ப வேண்டாம். ஃபயர்வால் அதைத் தடுத்துவைத்திருந்தால் உயிரோடு இருக்கும் கம்ப்யூட்டரும் பதில் சொல்லாது.

மாடியிலிருந்து \\192.168.1.5 என்று அடித்தேன். லேப்டாப் உடனே பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. கீழே போய் லேப்டாப்பிலிருந்து \\192.168.0.102 என்று அடித்தேன். வெகுநேரம் சுற்றிவிட்டு 0x80070035 என்றது. பாதையே இல்லையாம்.

ஒரு பக்கம் போகிறது, மறுபக்கம் வரவில்லை. முகவரிகளை எழுதி வைத்துப் பார்த்தால் மூன்றாவது எண்ணிலேயே விஷயம் இருக்கிறது. மாடியில் 0, கீழே 1. வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க்!

கீழே ஃபைபர் பெட்டி. அதன் வைஃபை கான்கிரீட் தளத்தைத் தாண்டி வரவில்லை என்று, கேபிள் இழுத்து மாடியில் தனி ரவுட்டர் வைத்துக் கொடுத்தார்கள். அதுவும் ரவுட்டராகவே வேலை செய்கிறது: தனக்கென்று முகவரி கொடுக்கிறது, தனக்குப் பின்னால் இருப்பவர்களை மறைத்துவைக்கிறது. உள்ளேயிருந்து வெளியே போகலாம், அதனால்தான் மாடியிலிருந்து லேப்டாப் கிடைத்தது. கீழே இருக்கும் பெட்டிக்கோ 192.168.0 என்று ஒரு நெட்வொர்க் இருப்பதே தெரியாது. "நான் இங்கே இருக்கிறேன்" என்ற அந்த அறிவிப்பும், மூடிய கதவுக்குள் நின்று குரல் கொடுப்பது மாதிரி, ரவுட்டரைத் தாண்டி வராது. சர்வீசஸை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் இது சரியாகாது.

மார்ச் 8, சனி

மாடி ரவுட்டரை வெறும் ஆக்சஸ் பாயின்டாக, அதாவது தனி நெட்வொர்க் போடாமல் கீழ்ப்பெட்டியின் நெட்வொர்க்கையே மாடிக்கு நீட்டும் பெட்டியாக, மாற்றினேன். அந்த மாடலில் அதற்கென்று தனி பட்டன் இல்லை, கையால்தான் செய்ய வேண்டும். வரிசை முக்கியம். முதலில் ரவுட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 ஆக்கினேன் (கீழ்ப்பெட்டி 192.168.1.1, அது வேறு யாருக்கும் 2-ஐக் கொடுத்துவிடாதபடி 10-லிருந்து தொடங்கச் சொல்லிவிட்டேன்). புது முகவரியில் திரும்ப உள்ளே போய், முகவரி கொடுக்கும் வேலையான டிஹெச்சிபியை அணைத்தேன். கடைசியாகத்தான் கேபிள். நீல நிறத்தில் தனியாக இருக்கும் இன்டர்நெட் போர்ட்டிலிருந்து பிடுங்கி, பக்கத்தில் இருக்கும் மஞ்சள் லேன் போர்ட்டில் செருகினேன். டிஹெச்சிபியை அணைக்காமல் கேபிளை மாற்றினால் இரண்டு பெட்டியும் போட்டி போட்டு முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும்.

கம்ப்யூட்டருக்கு 192.168.1.14 கிடைத்தது. கீழே ஓடிப் போய்ப் பார்த்தால், இன்னும் காணோம்! மேலே வந்து பார்த்தேன். வெளியே போகும் வழி மாடி ரவுட்டரிலிருந்து கீழ்ப்பெட்டிக்கு மாறிவிட்டதால் விண்டோஸ் இதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, 'நெட்வொர்க் 2' என்று பெயர் வைத்து, 'பப்ளிக்'கில் போட்டிருக்கிறது. 'பிரைவேட்' ஆக்கினேன். கீழேயிருந்து மாமாவின் குரல்: "வந்துடுச்சும்மா!"

மார்ச் 9, ஞாயிறு

பெயர் வந்தது, திறக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. நான் தினமும் அடிக்கும் நாலு இலக்க பின் இங்கே செல்லாது, அது அந்தக் கம்ப்யூட்டரோடு சரி. என் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுப்பதைவிட, மாமாவுக்கென்று மாடிக் கம்ப்யூட்டரில் தனிக் கணக்கு ஒன்று போட்டுவிட்டேன். அந்த ஃபோல்டரைப் படிக்க மட்டும்தான் அதற்கு அனுமதி.

மத்தியானம் முழுக்கப் பத்திரங்களோடு உட்கார்ந்திருந்தார். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மூன்றாம் பக்கம் தலைகீழாக இருக்கிறதாம். திருப்பி சேவ் செய்யப் பார்த்திருக்கிறார், அனுமதி இல்லை என்று வந்திருக்கிறது. "நீயே மேலே திருப்பி வெச்சுடும்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.