லண்டனில் பால்புதுமையினர் (க்வியர்) வரலாறு படிக்கப் போகிறவர்களுக்கு

முதுகலையில் இந்தப் பாடத்தை எடுத்தபோது என் முதல் கட்டுரை முழுக்கச் சட்டம்தான். ஆணும் ஆணும் உறவுகொள்வதைத் தண்டித்த 1885 லபூஷேர் திருத்தம், அது குற்றமாக இருக்க வேண்டாம் என்று சொன்ன 1957 வுல்ஃபெண்டன் அறிக்கை, அதை ஓரளவு குற்றமில்லை என்றாக்கிய 1967 சட்டம் என்று வரிசையாக எழுதினேன். ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்க பிரிட்டிஷார் விட்டுப்போன 377ஆம் பிரிவைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவள் நான். சட்டம் மாறிய கதைதான் வரலாறு என்று நம்பியிருந்தேன். மதிப்பெண் குறைவாக வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஆசிரியர் எழுதியிருந்தது இரண்டே சொல்: "பெண்கள் எங்கே?"

அந்தக் கேள்வி சரிதான். பெண்ணும் பெண்ணும் உறவுகொள்வதை பிரிட்டனில் சட்டம் குற்றமாக்கவே இல்லை. 1921இல் அதைக் குற்றமாக்க நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை ஒப்புக்கொண்டும், மேலவையான பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. சட்டம் போட்டால் இப்படி ஒன்று உண்டு என்பதே பெண்களுக்குத் தெரிந்துவிடும் என்று அங்கே பயந்தார்கள். குற்றம் இல்லை என்றால் வழக்கும் இல்லை, போலீஸ் கோப்பும் இல்லை. அதனால் நாட்குறிப்பு, கடிதம் பக்கம் போக வேண்டும். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் வாழ்ந்து 1840இல் இறந்த ஆன் லிஸ்டரின் நாட்குறிப்பு ஏறக்குறைய 50 லட்சம் சொற்கள். அதில் ஆறில் ஒரு பங்கு, கிரேக்க எழுத்தும் கணிதக் குறிகளும் கலந்த சங்கேதத்தில் இருக்கிறது. பெண்களை நேசித்ததை அவர் எழுதிவைத்தது அந்தச் சங்கேதத்தில்தான். முதன்முதலில் அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்று, 1967 சட்டத்தைச் சொல்லும்போது "பிரிட்டன்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். அது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும், அதுவும் 21 வயது நிரம்பிய ஆண்களுக்கு, தனியிடத்தில். ஸ்காட்லாந்து 1980 வரையும் வட அயர்லாந்து 1982 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்புறம், எல்எஸ்இ (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) நூலகத்தில் பால்புதுமையினர் இயக்க ஆவணங்களைச் சேர்த்துவைத்த ஹால்-கார்ப்பென்டர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. கட்டாயம் போங்கள். 1970 அக்டோபரில் பிரிட்டனின் கே விடுதலை முன்னணி முதல் கூட்டம் போட்டதும் எல்எஸ்இயில்தான். நான் திறந்த பெட்டியில் தட்டச்சு செய்த துண்டறிக்கைகள் இருந்தன. குத்தியிருந்த ஊசி துருப்பிடித்து, தாளில் பழுப்பாக இரண்டு புள்ளிகள். அடித்துத் திருத்திய ஒரு வரியை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கெஞ்சாமல், தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே பேசியவர்கள் அவர்கள்.

பெட்டிகளை முன்பே கேட்டுப் பதிவு செய்யுங்கள். பேனா வேண்டாம், பென்சில் எடுத்துப் போங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரம் உள்ள சில கோப்புகளைத் தர மாட்டார்கள். ஆய்வேட்டுத் தலைப்பை முடிவு செய்வதற்கு முன்பே காப்பகத்தின் கோப்பு அட்டவணையில் எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கடைசி நேரத்தில், ஜூன் மாதம் போய் நின்றால் தலைப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.