காயத்தின் ஓரமும் இரண்டாம் நம்பர் தூரிகையும்

மணப்பெண் அலங்காரம்தான் என் தொழில். போன தவக்காலத்தில் எங்கள் பங்குப் பொடியள் வந்து, திருப்பாடுகளின் நாடகம் போடுகிறோம், இயேசுவாக நடிக்கிற தம்பிக்குக் கசையடிக் காயம் செய்து தருவீங்களா அக்கா என்று கேட்டார்கள். உடனே ஓம் என்று விட்டேன். செய்து பார்த்தபோதுதான் விளங்கியது, காயம் பெரிய வேலையில்லை. காயம் முடிந்து தோல் தொடங்குகிற அந்த ஓரம்தான் வேலை, அந்த ஓரத்துக்குச் சரிவருகிற தூரிகை ஒன்றுகூட என் பெட்டியில் இருக்கவில்லை.

இந்த நாடகத்தை யாழ்ப்பாணத்தில் சும்மா எடுக்க ஏலாது. 1965இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் எத்தனையோ தவக்காலங்களில் பாடுகளின் நாடகத்தை மேடையேற்றிய ஊர் இது. பார்க்க வருகிறவர்களுக்கு நல்லது கெட்டது தெரியும். அதோடு முன்வரிசையில் பாய் விரித்து மேடைக்குக் கிட்டவே இருப்பார்கள், கையில் போனும் இருக்கும், ஓரம் கிளம்பி நின்றால் அப்படியே படத்தில் விழும்.

கண்ணிமைக்குப் பாவிக்கிற தூரிகை மயிர் நீண்டு, பஞ்சு மாதிரி இருக்கும். அதால் காயத்தின் ஓரத்தைத் தொட்டால் நிறம் அரை விரலுக்கு அங்கால் பரவி, அடிபட்ட இடமாக இல்லாமல் சிவப்புப் பவுடர் பூசின இடமாகத் தெரிகிறது. எனக்குத் தேவைப்பட்டது மயிர் குட்டையாக, நெருக்கமாக, நுனி உருண்டு, ஒரு பயறளவு இடத்தை மட்டும் தொடுகிற தூரிகை. இணையத்தில் வாங்கிய ஒரு தொகுதி மயிர் கொட்டியது. காயம் செய்யத் தோலில் பூசுகிற ரப்பர்ப்பால்தான் லேடெக்ஸ், அது ஈரமாக இருக்கும்போது ஒரு மயிர் ஒட்டினால் போச்சு, அதை இழுக்க ஓரமும் சேர்ந்து வரும். கடைசியில் ரவுணில் ஒரு புத்தகக்கடையில் படம் கீறுகிற பிள்ளைகளுக்கு விற்கிற செயற்கை மயிர்த் தூரிகை, தட்டையாக நுனி வளைந்தது, 2ஆம் நம்பரும் 4ஆம் நம்பரும் வாங்கினேன். அதுதான் வேலை செய்தது.

மெழுகும் ஜெலட்டினும் எங்கள் பங்குனி, சித்திரை வெக்கைக்கு இளகிவிடும், அதனால் லேடெக்ஸும் அதில் ஒட்டுகிற டிசுக் கடதாசியும்தான். டிசுவைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழிக்க வேண்டும், கிழித்த ஓரம் தானாகவே மெலிந்து வரும். லேடெக்ஸுக்கென்று ஒரு பழைய தூரிகையை ஒதுக்கி, தொடுவதற்கு முதல் ஈரச் சவர்க்காரத்தில் நன்றாகத் தோய்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது காய்ந்து மயிரோடு மயிர் ஒட்டி, எறிவதைத் தவிர வேறு வழியில்லை. லேடெக்ஸில் அமோனியா இருக்கிறது, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது, முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் பூசிப் பார்த்துவிடுங்கள். முதுகிலும் நெஞ்சிலும் மயிர் இருந்தால் வாஸ்லின் தடவாமல் தொடவே வேண்டாம், கழற்றும்போது பாவம் அந்தப் பிள்ளை.

பூசிய இடம் காய்ந்து வெள்ளை நிறம் போனதும் பவுடர் தட்டி, அப்புறம்தான் சின்னத் தூரிகையின் வேலை. நிறத்தை எடுத்துப் புறங்கையில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, காயத்தின் உள்ளிருந்து வெளியே, இழுக்காமல் ஒற்றி ஒற்றி வர வேண்டும். இழுத்தால் கோடு விழும், ஒற்றினால் தோலில் இயல்பாக இருக்கிற புள்ளிகள் மாதிரி வரும். இன்னொன்று, கடையில் வருகிற நிறங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலுக்கென்று செய்தவை. எங்கள் தோலில் பளிச்சென்ற சிவப்பு குங்குமம் மாதிரி நிற்கும். கபிலம் கலந்த அரக்குச் சிவப்பை ஓரத்துக்கும், கத்தரிப்பூ நிறத்தை அதற்கு வெளியேயும் வைத்தபோதுதான் அது சதையாகத் தெரிந்தது.

உதவிக்கு வந்த பிள்ளை ஒன்று கன்னத்தில் மஞ்சளும் பச்சையும் சேர்த்து வடிவாகக் கன்றல் போட்டிருந்தாள். நல்ல கை அவளுக்கு. ஆனால் அந்த நிறங்கள் அடிபட்டுச் சில நாள் போன பிறகு வருபவை. இயேசு பட்ட அடியெல்லாம் ஓர் இரவுக்கும் அடுத்த நாள் பகலுக்கும் உள்ளே பட்டவை. சிவப்பும் ஊதாவும் போதும் என்று சொல்லி, இருவருமாகத் துடைத்துத் திரும்பப் போட்டோம்.

தூரிகையைக் கழுவுவது சுலபம். தேங்காயெண்ணெயில் கிறீமாக வருகிற ஒப்பனை நிறத்தைக் கரைத்து, சவர்க்காரம் போட்டு அலசி, படுக்க வைத்துக் காய விடுங்கள். நிமிர்த்தி வைத்தால் தகரக் கழுத்துக்குள் தண்ணீர் இறங்கிப் பசை விட்டுப்போகும்.

எனக்கு இன்னும் தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது. அந்தக் கிறீமில் இருக்கிற எண்ணெய் லேடெக்ஸுக்கு ஆகாது, அதோடு வியர்வையும் சேர்ந்து, சிலுவை சுமக்கிற காட்சி வரும்போது ஓரங்கள் கிளம்பத் தொடங்கிவிட்டன, திரைக்குப் பின்னால் 2ஆம் நம்பரோடு ஓடித் திரிந்தேன். டிக் ஸ்மித் என்ற அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் புரோஸ்-எய்ட் என்கிற, தோலில் ஒட்டுகிற பசையில் அக்ரிலிக் நிறத்தைக் கலந்து பாவித்த முறை இதற்குத் தோதானது, அல்ககோலில் கரைத்துப் பூசுகிற நிறங்களும் வியர்வைக்கு அசையாது. அந்தப் பசையோ அந்த நிறங்களோ யாழ்ப்பாணத்தில், இல்லாவிட்டால் கொழும்பில், எங்கே வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வருகிற வருடம் இயேசுவோடு சிலுவையில் அறையப்படுகிற கள்வர் இருவருக்கும் சேர்த்து நான்தான் செய்கிறேன்.