கேரியர் இல்லாத சைக்கிள்

"கேரியரா? எதை ஏற்றப் போகிறீர்கள்?" என்று சைக்கிள் கடைப் பையன் கேட்டபோது "ஆளைத்தான்" என்று வாய்வரை வந்துவிட்டது. தெற்கு இங்கிலாந்தில் சஸெக்ஸ் பக்கம் குடிவந்தபின் மேடுபள்ளத்தில் ஓட்டத் தடித்த டயர் வண்டி வாங்கப் போயிருந்தேன். மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெடல்கூடத் தனியாக வாங்க வேண்டுமாம். சீர் செனத்தி எதுவுமில்லாமல் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதுபோல மொட்டையாக ஒரு வண்டி, விலை மட்டும் தலையைச் சுற்றியது.

ஆனால் பாதைகளைக் குறை சொல்ல மாட்டேன். வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை சுமார் 160 கிலோமீட்டருக்கு சுண்ணாம்புக் குன்றுகளின் முதுகிலேயே போகும் சவுத் டவுன்ஸ் வே எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். குதிரைப் பாதையான அதில் சைக்கிளுக்கு இடம் கிடைத்ததே 1968 சட்டத்தால்தான், அதுவும் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழி விட்டு. வரைபடத்தில் நீளமான பச்சைக் கோடுகள் என்றால் ஓட்டலாம், குட்டிக் கோடுகள் என்றால் நடக்க மட்டும். நேரில் பார்த்தால் இரண்டும் ஒரே சேறு. வரப்பில்கூட ஓட்டி வளர்ந்தவளுக்கு இதெல்லாம் சிரிப்புதான். குதிரைக்குப் பின்னால் போனால் தூரத்திலேயே குரல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது மிரண்டுவிடும். நான் "வர்றேம்மா, வர்றேன்" என்பேன். குதிரைக்குப் புரிகிறது.

வழி நெடுக ஆட்டுப் பட்டிக் கதவுகள். ஸ்டாண்டு இல்லாத வண்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் கொண்டியை இழுத்து, முழங்காலால் கதவைத் தள்ளி, உள்ளே போய்த் திரும்ப மூடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சரி, அதுவும் பழகிவிட்டது, எல்லாமே பழகிவிட்டது என்றுதான் அம்மாவிடம் போனில் சொல்கிறேன்.

கேரியர்தான் பழகவில்லை. தனியாக இடம் அமைக்காத சைக்கிளில் இன்னொருவரை ஏற்றிப் போவது இங்கே சட்டப்படியே குற்றம். பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் நானும் தோழியும் குடமுருட்டிக் கரையில் டபுள்ஸ் போவோம். போகும்போது நான் மிதிப்பேன், மதகு தாண்டியதும் அவள். ஆடிக் காற்று எதிரே அடித்தால் பின்னாலிருந்தே காலை நீட்டி என்னோடு சேர்ந்து பெடலை அழுத்துவாள், அழுத்திக்கொண்டே பேசுவாள். இங்கே உடன் வேலை பார்க்கும் பெண்ணோடு ஞாயிற்றுக்கிழமை போகிறேன். ஒற்றையடிப் பாதை, அவள் முன்னால், நான் பின்னால், இருவர் தலையிலும் ஹெல்மெட். அவள் சொல்வதில் பாதியைக் காற்றே கேட்டுக்கொள்கிறது.

பிடிவாதமாக, சீட்டுத் தண்டில் மாட்டும் கேரியர் ஒன்றை வாங்கிவிட்டேன். பண்ணை வாசல்களில் ஆளில்லாமல் முட்டை வைத்திருப்பார்கள், காசைப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்து வரலாம். அதைத்தான் கட்டிக்கொண்டு வருகிறேன். எப்படிக் கட்டினாலும் வீடு சேர்வதற்குள் ஒன்றாவது உடைந்துவிடுகிறது. அந்தக் குண்டும் குழியுமான கரையில் அவள் ஒருநாளும் விழுந்ததில்லை.