டாக்டர் லுக்வியா அன்று கண்ணாடி போடவில்லை

எபோலா என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோயைப் பற்றி யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் டாக்டர் மேத்யூ லுக்வியா. வடக்கு உகாண்டாவில் குலு நகருக்குப் பக்கத்தில் இருக்கும் லாச்சோர் மருத்துவமனையின் கண்காணிப்பாளர். 2000 அக்டோபரில் மேற்படிப்புக்காகக் கம்பாலாவில் இருந்தவருக்கு, லாச்சோரில் நர்சிங் மாணவர்கள் அடுத்தடுத்து இறக்கிறார்கள் என்று தகவல் போக, உடனே கிளம்பி வந்து கேஸ் ஷீட்டுகளை எல்லாம் படித்துப் பார்த்து, ரத்தப் பரிசோதனை முடிவு வரும் முன்பே தனி வார்டு திறந்துவிட்டார்.

நவம்பரில் ஒரு விடியற்காலை. அந்த வார்டிலேயே வேலை பார்த்து எபோலா தொற்றிய நர்ஸ் ஒருவர், ரத்தமாக இருமிக்கொண்டு, நினைவு தடுமாறிக் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார். நைட் டியூட்டியில் இருந்தவர்கள் பயந்துபோய் டாக்டரை எழுப்பினார்கள். கவுன், தொப்பி, மாஸ்க், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டுதான் ஓடினார், கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் போடவில்லை. தொற்றியது அப்போதுதான் என்று உடன் வேலை செய்தவர்கள் நினைக்கிறார்கள். டிசம்பர் 5 அன்று இறந்துவிட்டார்.

அவ்வளவு தெரிந்தவர் ஏன் போடவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் ஒரு நைட் டியூட்டி பார்த்திருக்க மாட்டார்கள். கொரோனா வார்டில் நான் கிட் போட்டு நின்றிருக்கிறேன். கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிடும், புருவத்திலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கும், துடைக்க முடியாது, நரம்பு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித்தான் ஊசி போட வேண்டும். இதில் எதிரே ஒருவர் மூச்சுக்குத் திணறினால் கால் தானாக ஓடும்.

2013 கடைசியில் தொடங்கி மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோனில் எபோலா பரவியபோது 500-க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்கள் இறந்தார்கள். சியரா லியோனின் கெனிமா மருத்துவமனை டாக்டர் ஷேக் உமர் கான் அவர்களில் ஒருவர். அப்போது எபோலா முகாம்களில் கறாராகக் கடைப்பிடித்த வழக்கம் ஒன்று உண்டு: யாரும் தனியாக உள்ளே போகக் கூடாது, இருவராகத்தான் போக வேண்டும், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட வேண்டும். உடையைக் கழற்றும்போதும் (மிக ஆபத்தான நேரம் அதுதான்) எதிரே ஒருவர் நின்று, இப்போது கையைக் கழுவுங்கள், இப்போது கண்ணாடியைக் கழற்றுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

சரி, இதற்கெல்லாம் ஆள் வேண்டுமே? இறந்தவர்களைத் தியாகி என்று கொண்டாடுகிறோம், ஆனால் நைட் டியூட்டிக்கு இன்னும் இரண்டு நர்ஸ் கேட்டால் பணம் இல்லை என்கிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எங்களுக்கு மாலை வேண்டாம், ரோஸ்டரில் அந்த இரண்டு பெயரைச் சேர்த்துக் கொடுங்கள்.